வாங்குவேன் என்றவர்களும் வாங்கியவர்களும்: சிறு நிறுவனத்துக்கு விலை வைப்பது எப்படி?

1950களின் இறுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஹாலாய்டு என்றொரு நிறுவனம் இருந்தது. ஒளிப்படத் தாள் தயாரிப்பதுதான் அதன் பழைய தொழில். ஆண்டு விற்பனை சுமார் 3 கோடி டாலர். அதே ஊரில் கோலோச்சிய கோடக்கின் பக்கத்தில் நிறுத்தினால் பொடிசு. செஸ்டர் கார்ல்சன் 1938இல் செய்து காட்டி, பெரிய நிறுவனங்கள் வரிசையாக வேண்டாமென்று ஒதுக்கிய உலர் நகலெடுப்பு முறைக்கு 1947இல் உரிமம் பெற்று, பத்தாண்டுக்கும் மேலாக அதில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் உருவான 914 என்ற இயந்திரம் கிட்டத்தட்ட 300 கிலோ எடை கொண்டது. தனியாகச் சமாளிக்க முடியுமா என்று தயங்கிய ஹாலாய்டு, ஐபிஎம் நிறுவனத்தைக் கூட்டுக்கு அழைத்தது. ஐபிஎம் ஆலோசகர்களிடம் கேட்டது. அலுவலக நகல் சந்தையில் இந்த இயந்திரத்துக்கு எதிர்காலம் இல்லை என்று ஆர்தர் டி. லிட்டில் நிறுவனம் அறிக்கை கொடுத்தது. ஐபிஎம் விலகிக்கொண்டது.

அந்த வாரத்தில் யாராவது ஹாலாய்டை வாங்க முன்வந்திருந்தால் என்ன விலை சொல்லியிருக்க வேண்டும்?

விடை சொல்வது கடினம். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அங்கே இரண்டு நிறுவனங்கள் இருந்தன. ஒன்றுக்கு வரலாறு உண்டு: கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் பட்டியல், லாப நட்டம். இன்னொன்றுக்கு நம்பிக்கை மட்டும்தான். புதிய தொழில்நுட்பத்தில் கை வைத்திருக்கும் எந்தச் சிறு நிறுவனமும் இப்படித்தான் இருக்கும். முதல் பாதியைக் கணக்காளரிடமும் இரண்டாம் பாதியைச் சந்தை ஆய்வாளரிடமும் ஒப்படைத்துவிட்டு, இருவரின் எண்களையும் கூட்டிப் போடுவது வழக்கம். அது தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இருவரும் ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்கள்: வாடிக்கையாளர் நாளை என்ன செய்வார்?

முதலில் வரலாறு உள்ள பாதி. மதிப்பீட்டாளர்கள் கையாளும் வழிகள் மூன்று: சொத்துகளைக் கூட்டிக் கடன்களைக் கழிப்பது, எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது, இதுபோன்ற நிறுவனங்கள் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்ப்பது.

சொத்து வழியில் எளிமை உண்டு, ஆபத்தும் உண்டு. செலவழித்த பணம் மதிப்பாகிவிடாது. இதற்கு இரிடியத்தைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசலாம் என்ற வாக்குறுதியோடு, 66 செயற்கைக்கோள்களின் துணையில், சுமார் 500 கோடி டாலர் செலவில் எழுந்த தொலைபேசி வலையமைப்பு அது. 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. 1999 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு அந்த மொத்தச் சொத்தும் சுமார் 2.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. செயற்கைக்கோள்கள் பழுதாகவில்லை, அவை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கனமான கைபேசியை வாங்கி, நிமிடத்துக்குப் பல டாலர் கொடுத்துப் பேச எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை, அவ்வளவுதான். இரிடியம் சிறு நிறுவனமல்ல. ஆனால் "இதுவரை இவ்வளவு போட்டிருக்கிறேன்" என்று விலை பேசத் தொடங்கும் சிறு நிறுவன உரிமையாளர் ஒவ்வொருவரும் அதே தவற்றைச் சிறிய அளவில் செய்கிறார்.

வருமான வழியில்தான் சிறு நிறுவனத்தின் உண்மையான சிக்கல் வெளியே வரும். பெரிய நிறுவனத்தின் லாபக் கணக்கை ஓரளவு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிறு நிறுவனத்தில் உரிமையாளரின் சம்பளம் எங்கே முடிகிறது, லாபம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. உரிமையாளர் சம்பளமே எடுக்காமல் உழைத்திருப்பார், அதனால் லாபம் கூடுதலாகத் தெரியும். அல்லது குடும்பத்தின் கார் செலவும் பயணச் செலவும் நிறுவனக் கணக்கில் ஏறியிருக்கும், அதனால் குறைவாகத் தெரியும். எனவே மதிப்பீட்டாளர் கணக்கைத் திருத்தி எழுதுகிறார். சொந்தச் செலவுகளையும் ஒருமுறை மட்டுமே வந்த செலவுகளையும் லாபத்தோடு திரும்பச் சேர்க்கிறார். அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கழிக்கிறார். திருத்திய பின் கிடைக்கும் எண்ணைத்தான் ஒரு மடங்கால் பெருக்குவார்கள். உரிமையாளரே முதுகெலும்பாக இருக்கும் நிறுவனங்களுக்கு அந்த மடங்கு சிறியதாகவே இருக்கும், காரணம் வெளிப்படை: வாங்குபவருக்கு அந்த முதுகெலும்பு கிடைக்காது.

இங்கேதான் நற்பெயர் என்ற விவகாரம் நுழைகிறது. பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்ற நிகழ்தகவைத் தவிர நற்பெயர் வேறொன்றுமில்லை என்று இங்கிலாந்தின் எல்டன் பிரபு 1810இல் ஒரு வழக்கில் சொன்னார். இருநூறு ஆண்டு கடந்தும் இதைவிடக் கூர்மையான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. நிகழ்தகவு என்கிறார், கவனியுங்கள். பெட்டகத்தில் பூட்டி வைக்கும் பொருளைப் போல அல்லாமல், நாளை நடக்கலாம் அல்லது நடக்காமல் போகலாம் என்ற ஒன்றாக அவர் நற்பெயரைப் பார்த்தார்.

அந்த நிகழ்தகவுக்குச் சூத்திரம் எழுதும் முயற்சிக்கும் சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது, மது ஆலைகள் இழந்த நற்பெயருக்கு வரிக் கணக்கில் ஒரு மதிப்புத் தேவைப்பட்டது. 1920இல் வரித்துறை ஒரு வழி சொன்னது: கண்ணுக்குத் தெரியும் சொத்துகளுக்கு நியாயமான வருவாய் இவ்வளவு என்று ஒதுக்கு, அதற்கு மேல் வரும் லாபம் நற்பெயரால் வந்தது, அதை ஒரு விகிதத்தால் வகுத்து மூலதன மதிப்பாக்கு. நம் கணக்குப்பதிவியல் பாடநூல்களில் உயர் லாப முறை என்று படிப்பது இதன் நெருங்கிய உறவுதான். வேறு நல்ல அடிப்படை எதுவும் கிடைக்காவிட்டால் மட்டும் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள் என்று அதே வரித்துறை 1968இல் எழுதிவைத்தது. ஆனாலும் அது இன்றுவரை உயிரோடு இருக்கிறது. சூத்திரம் எளிதாக இருந்தால் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

மூன்றாவது வழியான ஒப்பீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறு நிறுவன விற்பனைகள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை, தெரிந்தாலும் நிபந்தனைகள் தெரிவதில்லை. பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனத்தின் மடங்கை எடுத்துச் சிறு நிறுவனத்துக்குப் பொருத்தினால் விலை வீங்கும். நினைத்த நாளில் விற்க முடியாத பங்குக்கு அதற்கான கழிவு உண்டு.

இனி நம்பிக்கை மட்டும் உள்ள பாதி. ஆர்தர் டி. லிட்டில் ஆட்கள் முட்டாள்கள் அல்லர். அன்றைய அலுவலகங்கள் நாளொன்றுக்கு எத்தனை நகல் எடுக்கின்றன என்று பார்த்தார்கள். பெரும்பாலானவை சில பத்துகளைத் தாண்டவில்லை. அப்போது விற்ற இயந்திரங்கள் சில நூறு டாலர். 914ஐத் தயாரிக்கவே பல மடங்கு செலவு. இயந்திரத்தை முழு விலைக்கு விற்பது என்று வைத்துக்கொண்டால் அவர்கள் கணக்குச் சரிதான். ஹாலாய்டின் தலைவர் ஜோசப் வில்சன் கேள்வியையே மாற்றினார். இயந்திரத்தை மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்தார். முதல் 2,000 நகலுக்குத் தனிக் கட்டணம் இல்லை, அதற்குமேல் நகல் ஒன்றுக்குச் சில சென்ட். பிடிக்காவிட்டால் 15 நாள் அவகாசம் கொடுத்துத் திருப்பி அனுப்பலாம்.

வியாபாரத் தந்திரம் என்று மட்டும் இதைப் படித்தால் பாதிதான் புரிந்தது. இது மிகச் சிறந்த சந்தைச் சோதனையும்கூட. வாடிக்கையாளரின் ஆபத்தை 15 நாள் அளவுக்குச் சுருக்கி, அவர் உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதை எண்ணும் கருவியையும் இயந்திரத்திலேயே வைத்துவிட்டார்கள். மாதத்துக்கு 2,000 நகல் என்பது தாராளமான வரம்பு என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பயனாளர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 2,000 எடுத்தார்கள். எந்த ஆய்வுப் படிவத்திலும் இந்த எண் வந்திருக்காது. நகலெடுப்பது சுலபமான பிறகுதான் அவ்வளவு நகல் தேவைப்பட்டது. முன்கூட்டியே கேட்டிருந்தால் எந்த மேலாளரும் அப்படி ஒரு எண்ணைச் சொல்லியிருக்கமாட்டார், சொல்லியிருந்தால் அவர் சொல்லில் நம்பிக்கையும் வந்திருக்காது. ஹாலாய்டு 1961இல் ஜெராக்ஸ் ஆனது. 1972இல் அதன் வருவாய் சுமார் 250 கோடி டாலர்.

கேட்டுத் தெரிந்துகொள்வதில் எதிர்த்திசைப் பிழையும் உண்டு, அதுதான் அதிகம். 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை வைத்தது. பார்வையாளர்கள் ஆர்வத்தோடு முயன்று பார்த்தார்கள். 1970இல் பிட்ஸ்பர்க்கில் மாதக் கட்டணத்துக்கு அதே சேவை வந்தபோது வாங்க ஆளில்லை. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். கண்காட்சியில் அது இலவசம், எதிர்முனையில் பேச ஒருவர் தயாராக இருந்தார், வியப்பு புதிதாக இருந்தது. அலுவலகத்தில் மூன்றும் இல்லை. யாரிடமும் இல்லாத கருவியை வாங்கி யாரோடு பேசுவது?

வாங்கத் தயார் என்று வாயால் சொல்லும் தொகைக்கும் உண்மையில் கொடுக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியைப் பொருளியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். லிஸ்ட், கேலட் ஆகிய இருவர் பல சோதனைகளைத் தொகுத்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லும் மதிப்பு சராசரியாக மூன்று மடங்கு பெருத்திருந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. எதிரில் உட்கார்ந்து ஆவலோடு கேட்பவரின் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை, கொடுக்கப்போகாத பணத்தின் மீதுள்ள தாராளம், இரண்டும் சேர்ந்து எண்ணை ஊதிவிடுகின்றன.

இப்போது கணக்கு. ஒரு தொழில்நுட்பத்தைச் சந்தை ஏற்றுக்கொண்டால் அதன் மதிப்பு 1,000. ஏற்க வாய்ப்பு 30 சதவீதம். களத்தில் இறக்க 400 செலவாகும், ஏற்காவிட்டால் அந்த 400 போய்விடும். எதிர்பார்ப்பு மதிப்பு 300, செலவு 400. வேண்டாம் என்று எழுந்துவிடலாம், மதிப்பு சுழியம்.

இனி 40 செலவில் ஒரு சோதனை. ஏற்கப்படப் போகும் தொழில்நுட்பங்களில் 80 சதவீதத்தை அது சரியாகத் தேர்ச்சி பெறவைக்கும். தோற்கப் போவனவற்றில் 20 சதவீதத்தைத் தவறுதலாகத் தேர்ச்சி பெறவைக்கும். மொத்தத்தில் தேர்ச்சி வாய்ப்பு 38 சதவீதம். தேர்ச்சி பெற்றுவிட்டால் ஏற்பின் நிகழ்தகவு 30இலிருந்து 63 சதவீதத்துக்கு ஏறுகிறது. அப்போது 400ஐத் துணிந்து இறக்கலாம். எல்லாவற்றையும் எடையிட்டுக் கூட்டினால் 88 வருகிறது, சோதனைச் செலவு போக 48. ஒன்றுமில்லாத இடத்தில், தொழில்நுட்பத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், 48 மதிப்பு உருவாகிவிட்டது.

மூன்றாவதாக, மரியாதைக்கு ஆமாம் சொல்பவர்களிடம் நடத்திய ஆய்வு. நல்லதில் 90 சதவீதம் தேர்ச்சி, கெட்டதிலும் 70 சதவீதம் தேர்ச்சி. 76 சதவீத வாய்ப்போடு தேர்ச்சி கிடைக்கிறது, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகும் ஏற்பின் நிகழ்தகவு 35.5 சதவீதம்தான். 400ஐ இறக்க 40 சதவீதமாவது வேண்டும். ஆக, தேர்ச்சி பெற்றாலும் பெறாவிட்டாலும் முடிவு ஒன்றே. முடிவை மாற்ற முடியாத சோதனையின் மதிப்பு சுழியம், அதற்குக் கொடுத்த பணம் நட்டம். நல்ல யோசனைகளைத் தேர்ச்சி பெறவைப்பதில் இந்த ஆய்வு முந்தைய சோதனையைவிடத் திறமையானது என்பதைக் கவனிக்க வேண்டும். கெட்ட யோசனைகளைத் தடுக்கத் தெரியாததுதான் அதைக் கெடுத்தது. நிறுவனத்தை விற்க வருபவர் காட்டும் "பத்துப் பேரில் எட்டுப் பேர் விரும்பினார்கள்" வகை அறிக்கைகள் பெரும்பாலும் இந்த ரகம்.

அப்படியானால் கெட்டதைத் தடுக்கத் தெரிந்த சோதனை எது? பதில் சொல்பவர் எதையாவது இழக்க வேண்டிய சோதனை. பணம் முதல் இடம். முன்பணம் கொடுத்தவர், திரும்பக் கிடைக்கும் என்றிருந்தாலும், பேச்சளவில் ஆதரித்த பலருக்குச் சமம். நேரமும் இழப்புதான்: தன் பழைய தரவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்ற ஒரு வாரம் ஒதுக்கிய நிறுவனம் ஏதோ சொல்கிறது. பெயரும் இழப்புதான்: தன் மேலதிகாரியிடம் இதைப் பரிந்துரைத்த ஊழியர் தன் மதிப்பைப் பணயம் வைத்திருக்கிறார். இலவச வெள்ளோட்டத்தில் இவை எதுவும் இருக்காது. அதனால்தான் இலவச வெள்ளோட்டங்கள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போய், யாரும் வேண்டாம் என்று சொல்லாமலே செத்துப்போகின்றன.

பொருளைச் செய்து முடிக்காமலே இத்தகைய சோதனை நடத்த முடியும். 1999இல் நிக் ஸ்வின்மர்ன், இணையத்தில் காலணி வாங்குவார்களா என்று பார்க்க, கடைகளில் இருந்த காலணிகளைப் படம் பிடித்து வலையில் போட்டார். யாராவது வாங்கினால் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்கு நட்டம். ஆனால் கிடங்கு நிறையச் சரக்கு வாங்கிய பிறகு அதே விடையைத் தெரிந்துகொள்வதோடு ஒப்பிட்டால் அது மலிவு. ஜாப்போஸ் நிறுவனம் அப்படித் தொடங்கியதுதான். ஐபிஎம் ஆய்வாளர்கள், பேச்சை எழுத்தாக்கும் கணினி உருவாவதற்கு வெகு முன்பே, 1980களின் தொடக்கத்தில் அதைச் சோதித்தார்கள். பேசுபவர் தன் முன்னால் உள்ள இயந்திரம் கேட்டு எழுதுவதாக நினைத்தார். உண்மையில் மறைவில் ஒரு தட்டச்சர் தட்டிக்கொண்டிருந்தார். தொழில்நுட்பம் முடியுமா என்ற கேள்வியையும், முடிந்தால் மனிதர் அதை வைத்து வேலை செய்வார்களா என்ற கேள்வியையும் அவர்கள் பிரித்துவிட்டார்கள். இரண்டாவதற்கு விடை கிடைக்க முதலாவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

விலை குறித்த கேள்விப் படிவங்களுக்கும் இடமுண்டு. 1976இல் வான் வெஸ்டன்டார்ப் வகுத்த நான்கு கேள்வி முறை (எந்த விலையில் இது மிக மலிவாகி ஐயம் தரும், எதில் மலிவு, எதில் விலை அதிகம், எதில் தொடவே மாட்டீர்கள்) ஓர் எல்லையைக் காட்டும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

ஏற்பார்களா என்பதற்குச் சமமான இன்னொரு கேள்வி, எப்போது ஏற்பார்கள் என்பது. இதைச் சிறு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகள் கிட்டத்தட்ட எப்போதும் தப்பவிடுகின்றன. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை பரவியதை ரயன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். 259 உழவர்களில் இருவரைத் தவிர எல்லோரும் 1941க்குள் அந்த விதைக்கு மாறிவிட்டார்கள். தொழில்நுட்பத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனாலும் அது பத்தாண்டுக்கு மேல் எடுத்தது. முதலில் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் விதைத்துப் பார்த்தார்கள், பக்கத்து உழவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள், பிறகு கூட்டினார்கள். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி செய்தால், மூன்றாம் ஆண்டு கிடைக்கும் 1,000 இன்று 579 பெறும். ஒன்பதாம் ஆண்டு கிடைத்தால் 194. அதே தொழில்நுட்பம், அதே முழு வெற்றி, மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. சிறு நிறுவனத்துக்கு இன்னும் மோசம், ஒன்பது ஆண்டு சம்பளம் கொடுக்க அதனிடம் காசு இருக்காது. ஆகவே சோதனை வேகத்தையும் அளக்க வேண்டும்: முதல் சந்திப்புக்கும் முதல் பணத்துக்கும் இடையே எத்தனை மாதம்? முதல் மாதம் பயன்படுத்தியவர்களில் ஆறாம் மாதம் எத்தனை பேர் மிச்சம்? அந்தக் கோடு ஓரிடத்தில் சமதளமாகிறதா, தரை தட்டும்வரை சரிகிறதா?

கிடைத்த விடையை விலைக்குள் எப்படிப் புகுத்துவது என்பதில் ஒரு தொழில்நுட்பத் தகராறு உண்டு. ஆபத்தான முயற்சி என்றால் தள்ளுபடி விகிதத்தை 40, 50 சதவீதம் என்று உயர்த்திவிடுவது முதலீட்டாளர் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தள்ளுபடி விகிதம் காலத்துக்கான விலை. தோல்விக்கான நிகழ்தகவையும் அதற்குள் திணித்தால், தொலைவில் உள்ள ஆண்டுகள் அநியாயமாக நசுங்கும். அதைவிட முக்கியமாக, சோதனை முடிவை வைக்க இடமிருக்காது. 30 சதவீதம் 63 ஆனதென்றால் அதைக் கணக்கில் நேரடியாக மாற்றி எழுதலாம். 50 சதவீதத் தள்ளுபடியை எவ்வளவாகக் குறைப்பது? யாருக்கும் தெரியாது, அப்புறம் பேரம்தான்.

பேரம் முடியாதபோது கைகொடுப்பது, விலையின் ஒரு பகுதியை இப்போதும் மீதியைச் சந்தை ஏற்றுக்கொண்ட பிறகும் கொடுக்கும் ஒப்பந்தம். வரலாறு உள்ள பாதிக்கு ரொக்கம், நம்பிக்கை பாதிக்குப் பின்தேதியிட்ட வாக்குறுதி. விற்பவர் 60 சதவீத நிகழ்தகவு என்கிறார், வாங்குபவர் 25 என்கிறார் என்றால், இருவரும் தங்கள் எண்ணை மாற்றாமலே கையெழுத்திட முடியும். ஆனால் தகராறு வேறு இடத்துக்கு நகரும். விற்பவர் விற்பனைத் தொகையை அளவுகோலாக வைக்கச் சொல்வார், அதைச் சலுகை கொடுத்து ஏற்றிவிடலாம். வாங்குபவர் லாபத்தை வைக்கச் சொல்வார், அதைத் தலைமையகச் செலவை ஏற்றி இறக்கிவிடலாம். கைமாறிய பின் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவது வாங்கியவர் கையில் இருக்கிறது. ஒதுக்காமல் விட்டு, சந்தை ஏற்கவில்லை என்று அவர் சொல்லவும் கூடும். அதனால் அனுபவமுள்ள விற்பனையாளர்கள் குறைந்தபட்ச ஒதுக்கீட்டையும், எது நடந்தால் ஏற்பு என்று கொள்வது என்ற வரையறையையும் சேர்த்தே எழுதக் கேட்பார்கள்: இத்தனை வாடிக்கையாளர், முழு விலையில், இரண்டாம் முறையும் பணம் கட்டிப் புதுப்பித்தால். அந்த ஒரு வரியை எழுத உட்காரும்போதுதான் இரு தரப்பும் முதல்முறையாகச் சந்தையைப் பற்றி நேராகப் பேசுகிறார்கள். பேசிய பிறகு விற்க வேண்டாம், சோதனையை நானே நடத்திக்கொள்கிறேன் என்று எழுந்துபோகிற உரிமையாளர்களும் உண்டு.